ஏஞ்சல் தீவும் அப்பாவின் சக்குபந்தியும்

சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்டுவதற்கு ஒரு பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. சிவப்புப் பாலம், அல்காட்ராஸ் சிறை, வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்டு தெரு, அப்புறம் ஏதாவதொரு பெரிய கம்பெனி பெயர்ப்பலகை முன்னால் ஒரு போட்டோ. அல்காட்ராஸுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் புலம்புகிறவர்கள், அதே விரிகுடாவில் அதைவிடப் பல மடங்கு பெரிதாக உட்கார்ந்திருக்கும் ஏஞ்சல் தீவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போகிறவர்களும் சைக்கிள் ஓட்டவும் மலை ஏறவும் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் புல்லில் உட்காரவும்தான் போகிறார்கள். அந்தத் தீவின் வடகிழக்கு மூலையில், 1910 முதல் 1940 வரை, அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் கப்பலில் வந்தவர்களைப் பிடித்து வைத்து விசாரித்த குடிவரவு நிலையம் இருந்தது. இன்றைக்கு அது அருங்காட்சியகம். விசாவில் வந்து இங்கே குப்பை கொட்டுகிற என்னைப் போன்றவர்கள் அல்காட்ராஸுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கட்சி.

அப்பா வந்திருந்தபோது அழைத்துப் போனேன். அவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காகிதங்களைப் படித்தவர் என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் இயற்கைக் காட்சியைவிட அறிவிப்புப் பலகைகள்தான் அவருக்குப் பிடிக்கும். இந்த இடத்துக்கு அவரைப் போல் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார் என்று போன பிறகுதான் தெரிந்தது.

டிபரான் என்ற ஊரிலிருந்து படகு ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் படகு உண்டு. இறங்குகிற இடத்துக்கு அயாலா கோவ் என்று பெயர், 1775-இல் இங்கே நங்கூரம் போட்ட ஸ்பானியக் கப்பல் தலைவரின் பெயர் அது. அங்கிருந்து நிலையத்துக்கு ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும், ஆரம்பத்திலேயே நல்ல ஏற்றம். அப்பாவின் முட்டி இரண்டு இடத்தில் உட்காரச் சொன்னது. ஒருபக்கம் தைலமர வாசனை, ஒருபக்கம் நீலக்கடல். இவ்வளவு அழகான இடத்தில் ஏன் கொண்டுபோய் அடைத்தார்கள் என்று கேட்டார். அழகுக்காக இல்லை. அதற்கு முன்னால் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கொட்டகையில்தான் வந்தவர்களை அடைத்து வைத்திருந்தார்கள், அங்கே இட நெருக்கடியும் நாற்றமும் தாங்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் முக்கியம்: கரையில் இருந்தால் சொந்தக்காரர்கள் வந்து பேசிவிடுவார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

என்ன பதில், எதற்குப் பதில் என்பதில்தான் இந்த இடத்தின் மொத்தக் கதையும் இருக்கிறது.

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டது. ஓர் இனத்தைக் குறித்துப் பெயர் சொல்லிக் கதவைச் சாத்திய சட்டம். வியாபாரிகள், மாணவர்கள், ஆசிரியர்கள் மாதிரி சில வகைக்கு மட்டும் விலக்கு இருந்தது. அப்புறம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உரிமை இருந்தது, ஏனென்றால் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் தொடர்ந்த வழக்கில், இந்த மண்ணில் பிறந்தவன் அப்பன் ஆத்தாள் யாராக இருந்தாலும் இந்த நாட்டுக் குடிமகன்தான் என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த நிலையில் 1906 ஏப்ரலில் பெரிய பூகம்பம் வருகிறது, அதைத் தொடர்ந்து நகரம் தீப்பற்றி எரிகிறது, நகராட்சிக் கட்டடத்தில் இருந்த பிறப்புப் பதிவேடுகள் சாம்பலாகின்றன. நான் இங்கேதான் பிறந்தேன், என் சான்று தீயில் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

இதைக் கேட்டதும் அப்பா நின்றுவிட்டார். பதிவேடு எரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. "அப்போ வாய்மொழிச் சாட்சிதான் கதி" என்றார்.

அதேதான். குடிமகன் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒருவர் சீனாவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கே எனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று பதிந்துவைப்பார். சில நேரம் உண்மையிலேயே பிறந்திருப்பான். பல நேரம் அது ஒரு காலி இடம். அந்த இடத்தை ஊரில் வேறு பையனுக்கு விற்கலாம். வயதுக்கு நூறு டாலர் என்று விலை ஓடியதாகச் சொல்கிறார்கள். வாங்கிய பையன் அந்தக் குடும்பத்தின் பெயரை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறுவான். காகித மகன் என்று இவர்களுக்குப் பெயர். கூடவே ஒரு பயிற்சிப் புத்தகமும் வரும். வாங்கிய அப்பாவின் ஊர், தெரு, தாத்தா பாட்டி, அத்தை மாமன், பக்கத்து வீட்டுக்காரன், எல்லாம் கேள்வி பதிலாக எழுதியிருக்கும், மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும், கரை தெரிவதற்குள் கடலில் வீசிவிட வேண்டும்.

அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை, அவர்களுக்கும் இது தெரியும். அதனால் விசாரணையை நுணுக்கிக்கொண்டே போனார்கள். இரண்டு மூன்று அதிகாரிகள், ஒரு சுருக்கெழுத்தாளர், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் யாரோடும் கூட்டுச் சேர்ந்துவிடக்கூடாது என்று ஒவ்வோர் அமர்வுக்கும் ஆளை மாற்றுவார்கள். பையனைத் தனியாகக் கேட்பார்கள், அமெரிக்காவில் இருக்கும் அப்பாவைத் தனியாகக் கேட்பார்கள், அண்ணன் இருந்தால் அவனையும் தனியாகக் கேட்பார்கள், பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? ஊரில் வீடுகள் எத்தனை வரிசை? முதல் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? அரிசி வைக்கும் பாத்திரம் எந்த மூலையில்? வீட்டில் கடிகாரம் உண்டா? நாய் உண்டா? தாத்தாவைப் புதைத்த இடம் ஊருக்கு எந்தத் திசையில்? கேள்விகள் சில நாட்கள் நீளும், எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும்.

அப்பா இந்தக் கேள்விகளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சிரித்துவிட்டார். "இது சக்குபந்திடா. வடக்கே யாரு, கிழக்கே யாரு, ஏரி எந்தப் பக்கம். மனையை எப்படி நிரூபிக்கிறமோ அப்படி மனுஷனை நிரூபிக்கச் சொல்லியிருக்கான்." பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது நான்கெல்லை தப்பினால் திருத்தல் பத்திரம் போடலாம் என்றும், இங்கே அதற்கு வழியில்லை போலிருக்கிறதே என்றும் சேர்த்துக்கொண்டார். வழி ஒன்று இருந்தது, வக்கீல் வைத்து வாஷிங்டனுக்கு மேல்முறையீடு செய்வது. அது முடிய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது, அதுவரை இதே தீவில் இதே படுக்கையில் கிடக்க வேண்டும். இரண்டு வருடம் அளவுக்கு இங்கே கிடந்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நம் ஊர் வீட்டுக் கொல்லைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அப்பாவைக் கேட்டேன். கிழக்கே, கிணற்றுப் பக்கம் என்றார். எனக்குத் தெரிந்து அது வடக்கே, சந்துப் பக்கம்தான் திறக்கும். கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்த பிறகுதான் விளங்கியது: நான் பிறப்பதற்கு முன்னால் கிழக்கில் இருந்தது, கிணறு வற்றிய பிறகு கதவை எடுத்து வடக்கே வைத்திருக்கிறார்கள். அவர் மனதில் இருப்பது அவர் வளர்ந்த வீடு, என் மனதில் இருப்பது நான் வளர்ந்த வீடு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் காலி.

என்னைப் பிடித்து உலுக்கியது இந்த இடம்தான். சொந்த மகனாகவே இருந்தாலும், பத்து வருடத்துக்கு முன்னால் ஊரைவிட்டு வந்த அப்பா சொல்வதும் போன மாதம் கப்பல் ஏறிய பிள்ளை சொல்வதும் ஒத்துப்போகாது. எதிர் வீட்டுக்காரர் செத்திருப்பார், படி இடிந்திருக்கும், நாய் வேறாக இருக்கும். ஆகவே உண்மையான பிள்ளைகளும் பயிற்சிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். அப்பா என்ன சொல்வார் என்று தெரிந்துகொண்டு, தான் பார்த்ததை மறந்துவிட்டு அதையே சொன்னார்கள். பொய்யைப் பிடிக்கப் போட்ட கேள்விகள் உண்மையானவனையும் ஒப்பிக்க வைத்தன. நன்றாக மனப்பாடம் செய்த பொய்க்காரன் தேறுவான், நினைவிலிருந்து பதில் சொன்ன சொந்தப் பிள்ளை மாட்டுவான். இத்தனை அதிகாரிகள் சேர்ந்து முப்பது வருடம் இதை நடத்தியிருக்கிறார்கள். கடைசியில் சீனர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளே விடப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அதாவது அத்தனை பாடும் எதைத் தடுத்தது என்பதே கேள்வி.

தீவின் சமையல்கட்டில் வேலை பார்த்த சீனர்களும் சும்மா இருக்கவில்லை. விடுமுறைக்கு நகரத்துக்குப் போய்விட்டு வரும்போது, அங்கே அப்பாவை விசாரித்ததில் எந்தப் பதில் இடித்தது என்ற குறிப்பைச் சின்னக் காகிதத்தில் வாங்கிவந்து சாப்பாட்டு நேரத்தில் உள்ளே கடத்துவார்கள். வேர்க்கடலையை உடைத்துப் பருப்பை எடுத்துவிட்டு, காகிதத்தை வைத்து மறுபடி ஒட்டியும் அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். இப்போது நாம் நுழைவது தங்கவைத்த மரக்கட்டடம், இரண்டு தளம். ஆண்களும் பெண்களும் தனி. புருஷன் பெண்டாட்டியே ஆனாலும் விசாரணை முடியும்வரை பார்த்துப் பேச முடியாது. ஐரோப்பியர்களுக்குத் தனி இடம், ஆசியர்களுக்குத் தனி இடம். ஒரு கூடத்தில் இரும்புக் குழாய்களில் மாட்டிய மூன்றடுக்குப் படுக்கைகளை அப்படியே அமைத்து, மேலே துணி தொங்கவிட்டு, பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் ஒதுங்க வேண்டும். கண்காட்சிக்காக வைத்த சட்டை பனியன்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, நாடகக் கொட்டகை மாதிரி இருந்தது. ஆனால் சுவர் அப்படி இல்லை.

சுவரில் கவிதைகள் இருக்கின்றன. முதலில் தூரிகையால் மையில் எழுதி, பிறகு கத்தியால் செதுக்கிய சீனக் கவிதைகள், இதுவரை இருநூறுக்கும் மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் தென்சீனாவின் முத்து நதிக் கழிமுகத்துக் கிராமத்து ஆட்கள், ஓரளவு பள்ளிக்கூடம் போனவர்கள். பழைய இலக்கண வடிவத்தில் வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெயர் போடவில்லை, போட்டால் வழக்கு கெடும். வீட்டை நினைத்து அழுவது இருக்கிறது, சொந்த நாடு வலுவாக இருந்திருந்தால் இந்த அவமானம் வருமா என்று பொருமுவது இருக்கிறது, ஒருநாள் பழி வாங்குவேன் என்று கறுவுவதும் இருக்கிறது. வெளிச்சம் நேராக விழுந்தால் பெயின்டடித்த வெறும் பலகையாகத்தான் தெரியும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் எழுத்துகள் பள்ளம் பள்ளமாக எழுந்து வரும். அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

இந்த எழுத்துகள் தப்பிய விதம் இன்னொரு வேடிக்கை. நிர்வாகத்தின் பார்வையில் அது சுவரைப் பாழ்பண்ணும் கிறுக்கல். பட்டி வைத்து மெழுகி, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். மறுபடி யாராவது செதுக்குவார்கள், மறுபடி பட்டி வைப்பார்கள். வருடங்கள் போகப் போகப் பட்டி சுருங்கி எழுத்து வெளியே தெரிய ஆரம்பித்தது, அதுமட்டுமில்லாமல் அந்தப் பட்டியும் பெயின்டும்தான் மரம் உளுத்துப்போகாமல் காப்பாற்றியிருக்கின்றன. 1940 ஆகஸ்டில் நிர்வாகக் கட்டடம் தீயில் போனதும் நிலையத்தை நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள், போர்க்காலத்தில் ராணுவம் ஜெர்மன், ஜப்பானியக் கைதிகளை இங்கே வைத்திருந்தது, அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள். 1970-இல் கட்டடத்தை இடிக்கப்போகிற நேரத்தில், அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் டார்ச் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துவிட்டு இது ஏதோ முக்கியமான சங்கதி என்று சொல்லியிருக்கிறார். மேலதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. அவர் போய்த் தான் படித்த கல்லூரியின் பேராசிரியர் ஒருவரிடம் சொல்லி, அவர் போட்டோக்காரரைக் கூட்டிவந்து, சீன அமெரிக்கர்கள் ஒன்றுசேர்ந்து போராடி, 1976-இல் கலிபோர்னியா சட்டமன்றம் பாதுகாப்புக்கு 2,50,000 டாலர் ஒதுக்கியது. 1983-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள், 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது, பக்கத்தில் இடிந்து கிடந்த மருத்துவமனையையும் சரிசெய்து 2022-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

பெண்கள் எழுதிய கவிதைகள் ஒன்றுகூட இல்லை. அவர்களைத் தங்கவைத்தது நிர்வாகக் கட்டடத்தின் மாடியில், குளியலறைச் சுவர் முழுக்க எழுதியிருந்தார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். தீயில் அத்தனையும் போய்விட்டது. அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் தரையில் அதன் அளவு மட்டும் குறித்திருக்கிறது.

நம்மூர்க்காரர்கள் கதையும் இங்கே உண்டு, அது சீனர்களுடையதைவிடக் கசப்பு. சுமார் 8,000 இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், இந்த வழியாக வந்தார்கள். வந்த நாட்டினரில் மிக அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள்தான். இவர்களைத் தடுக்க அப்போது தனிச் சட்டம் இல்லை, அதனால் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது என்றும், ஊருக்குப் பாரமாகிவிடுவான் என்றும் எழுதி அனுப்பினார்கள். 1917-இல் ஆசியாவின் பெரும்பகுதிக்கே தடை போட்ட பிறகு அந்தச் சாக்குகளுக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

1915-இல் பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் தன் மனைவி கலா, மூன்று மகன்களோடு வந்து இறங்கினார். கையில் 25,000 டாலர் மதிப்புக்குத் தங்கம். இவ்வளவு பணத்தோடு யாரும் வருவதில்லை என்பதால் இவர்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், கலாவின் மூக்குத்தியைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் அதிசயித்து எழுதினார்கள். பகாய் கோட்டு சூட்டுக்கு மாறினார், கடை வைத்தார், 1921-இல் குடியுரிமை வாங்கினார். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் ஆகமாட்டார்கள், அதனால் குடிமக்களும் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் குடியுரிமையை விட்டுவிட்டு வந்தவருக்கு இப்போது எந்த நாடும் இல்லை. 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். பொற்கூண்டில் இருக்கும் வாழ்க்கை வாழத் தகுந்ததா என்று கேட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். கலா இங்கேயே இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்து, 1983 வரை வாழ்ந்தார். இன்று பெர்க்கிலியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

இந்தப் பகுதியைப் படித்து முடித்ததும் அப்பா என் விசா எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். நானும் வழக்கம்போல, வரிசையில் இருக்கிறது என்றேன். ஊர் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றில் வேறு மாதிரியும் இருப்பதற்கு நான் வாங்கி வைத்திருக்கும் உறுதிமொழிப் பத்திரங்களை நினைத்துக்கொண்டேன். ஒப்பிட வரவில்லை, என்னை யாரும் கட்டிலில் போட்டு அடைக்கவில்லை. ஆனால் காகிதம் இடித்தால் மனுஷன் இடிப்பான் என்கிற தர்க்கம் அப்படியே இருக்கிறது.

ஒரு சங்கதியைச் சொல்லாமல் முடித்தால் அப்பா கோபித்துக்கொள்வார். அந்த விசாரணைப் பதிவுகள் இன்னும் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, அங்கே கோப்பு கோப்பாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கிராமங்கள் பல இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன, ஆனால் முதல் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் இருந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், கிணறு எங்கே என்பதெல்லாம் அமெரிக்க அரசின் சுருக்கெழுத்தாளர் புண்ணியத்தில் தட்டச்சாகி, சில நேரம் வரைபடத்தோடு இருக்கிறது. பேரன் பேத்திகள் போய்க் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். சிலருக்குத் தங்கள் குடும்பப் பெயரே விலைக்கு வாங்கியது என்று அங்கே போய்த்தான் தெரிந்திருக்கிறது. 1956-இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, காகித மகன்கள் தாங்களே வந்து உண்மையைச் சொன்னால் பரிசீலிக்கிறோம் என்றது. சிலர் சொன்னார்கள், பலர் வாயே திறக்காமல் செத்துப்போனார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டால் அந்தக் காகிதக் குடும்பம் முழுவதும் சேர்ந்து மாட்டும் என்பதால் வீட்டுக்குள்ளேயே பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன.

"அந்தக் கோப்பைப் பார்க்க யார் வேண்டுமானாலும் மனு போடலாமா, கட்டணம் எவ்வளவு?" என்று அப்பா திரும்பும் படகில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் அங்கேயும் போவதாக ஏற்பாடு. நாபாவுக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகலாம் என்று என் மனைவி போட்ட திட்டத்துக்கு அவர் அவ்வளவாக முகம் கொடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வாரத்தில் சில நாள் அருங்காட்சியகம் மூடியிருக்கும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வயதானவர்கள் கூட வந்தால் தீவில் ஓடும் வண்டி அன்றைக்கு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோடையானாலும் காற்று குளிரும், ஸ்வெட்டர் தேவை. கடைசிப் படகு சாயங்காலத்திலேயே போய்விடும், விட்டுவிட்டால் தங்க விடுதி கிடையாது, முன்பதிவு செய்தவர்களுக்குக் கூடாரம் போட இடம் மட்டும்தான்.